ஆமை ரோந்துக்கு வார நாள் இரவுகளில் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆமைக் குஞ்சுகள் கடலை நோக்கி ஓடும் படம் ஒன்று நாளிதழில் வந்துவிட்டால் போதும், 'நாங்களும் வரலாமா?' என்று கேட்பவர்கள் பெருகிவிடுகிறார்கள். தாராளமாக வரலாம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கேட்பது மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலையை. முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி இரவில் கரையோரம் நடக்கும் ரோந்துக்கு ஆள் இல்லாமல் தவிப்பதோ ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் செவ்வாய், புதன் இரவுகளில். அடுத்த பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கின்றன. இந்த வேலை எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் கெட்டுப்போகிறது, எப்படிப்பட்டவர்கள் வந்தால் உண்மையில் உதவி என்பதைத் தங்கள் வாசகர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி. ஓடு இரண்டு அடிக்குச் சற்று மேல், எடை 35 முதல் 45 கிலோ வரை. ஜனவரியில் வரத் தொடங்கி பிப்ரவரி, மார்ச்சில் உச்சத்தை எட்டி ஏப்ரலில் ஓயும். இந்தக் கரையில் இரவு நடந்து முட்டைகளைக் காக்கும் வழக்கம் 1970களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களால் தொடங்கியது. 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இந்த இரவு நடையை நடத்தி வருகிறது. எடுத்து வந்த முட்டைகளைப் புதைத்துக் காத்துப் பொரிக்க வைக்கும் பொரிப்பகங்களை வனத்துறையும் தனியே நடத்துகிறது. இந்த ஆமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முட்டையைத் தொடுவதும் ஆமையைப் பிடிப்பதும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆர்வத்தின் பேரில் நான்கு நண்பர்கள் சேர்ந்துகொண்டு தாங்களாகவே முட்டை தோண்டக் கிளம்பக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வனத்துறையின் அனுமதி பெற்ற குழுவோடு சேர்ந்துதான் எதையும் செய்ய வேண்டும்.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர். இரவு 11 மணிக்குமேல் தொடங்கி, நின்று நின்று பார்த்து நடந்தால் விடியற்காலை நான்கு, நாலரை ஆகிவிடும். ஒரு குழுவுக்கு நான்கு பேர் குறைந்தபட்சம், எட்டுப் பேர் அதிகபட்சம். முப்பது பேர் சேர்ந்து நடந்தால் ஆமை கரையேறாது. ஏறினாலும் முட்டையிடாமல் திரும்பிவிடும். அதன் தடத்தையும் முப்பது பேரின் கால்கள் அழித்துவிடும். வார இறுதியில் நடப்பது இதுதான். அதற்கு முந்தைய ஐந்து இரவுகளில் வந்த ஆமைகளின் முட்டைகளை அதற்குள் நாய்கள் தின்று முடித்திருக்கும்.

நடக்கும் முறையும் முக்கியம். ஒருவர் ஓதம், அதாவது கடலேற்றம், ஏறி நின்ற கோட்டின்மீது நடக்க வேண்டும். இன்னொருவர் அவருக்கு இடப்புறமோ வலப்புறமோ, கரைப் பக்கமாகப் பத்து அடி தள்ளி நடக்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் வரிசையாக வர வேண்டும். டார்ச்சை அணைத்து வைத்தால் கால் மணி நேரத்தில் கண் இருட்டுக்குப் பழகிவிடும். நட்சத்திர வெளிச்சமே தடம் பார்க்கப் போதும். அவசியத்துக்கு மட்டும் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு சுற்றிய டார்ச். நடுவில் ஒருவர் செல்போனைத் திறந்து நேரம் பார்த்தால்கூட எல்லோருடைய கண்ணும் மறுபடி பழக இன்னொரு கால் மணி நேரம் ஆகும்.

ரிட்லி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து ஊர்வதால் தடத்தின் இரு பக்கக் குறிகளும் நேரெதிராக அமையாமல் முன்பின்னாக விழும். அகலம் முக்கால் மீட்டர் அளவு. கடலாமைகளில் இது எடை குறைந்தது. அதனால் தடமும் ஆழமில்லாதது. காற்று வீசும் இரவில் ஒரு மணி நேரத்திலேயே மங்கிவிடும். ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். துடுப்பு மணலைப் பின்னோக்கித் தள்ளுவதால் ஏறும் தடத்தில் மணல் கடல் பக்கமாகக் குவிந்திருக்கும், இறங்கும் தடத்தில் கரைப் பக்கமாக. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் மேலே படிந்திருப்பது இறங்கியது. ஏறும் தடம் மட்டும் இருந்தால் ஆமை இன்னும் மேலேதான் இருக்கிறது. அப்போது எல்லோரும் அதே இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் மட்டும் பின்பக்கமாகத் தவழ்ந்து போய்ப் பார்த்து வருவார். குழி தோண்டும் கட்டத்தில் ஆமை சின்னச் சலனத்துக்கும் மிரளும். முட்டையிடத் தொடங்கிய பிறகு அவ்வளவாக மிரளாது. அதற்காக அப்போது சுற்றி நின்று படமெடுக்கலாம் என்று பொருளல்ல. கரையேறியதிலிருந்து கடலுக்குத் திரும்புவது வரை மொத்தம் ஒரு மணி நேர வேலைதான் அதற்கு. அந்த ஒரு மணி நேரத்தை நாம் கெடுக்காமல் இருந்தால் போதும்.

ஆமை போன பிறகு முட்டைக் குழியைக் கண்டுபிடிப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். தடத்தின் உச்சியில் மூன்று, நான்கு அடி விட்டத்துக்கு மணல் கலைந்து கிடக்கும். குழியை மூடிய பின் ரிட்லி ஆமை உடம்பை இடமும் வலமுமாக ஆட்டி ஓட்டால் தட்டித் தட்டி மணலை இறுக்கும், பிறகு துடுப்பால் மணலை வாரி இறைத்து அடையாளத்தை மறைக்கும். அதனால் கலைந்த பரப்பின் நடுவில் குழி இருக்கும் என்று எண்ணக் கூடாது. விரல் பருமனுள்ள, முனை மழுங்கிய ஒரு குச்சியால் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒரு சாண் இடைவெளியில், மெதுவாக அழுத்தம் கொடுத்துப் பார்த்து வர வேண்டும். கலையாத மணல் ஒரே சீராக எதிர்க்கும். குழியின் கழுத்துக்கு மேல் மட்டும் குச்சி சட்டென்று வழுகி இறங்கும். அந்த நொடியிலேயே கையை நிறுத்தத் தெரிய வேண்டும். உடம்பு எடையைப் போட்டு அழுத்துபவர் கையில் குச்சியைக் கொடுக்கவே கூடாது. குச்சி ஒரு முட்டையைக் குத்திவிட்டால் சேதம் அதோடு நிற்பதில்லை. வழியும் மஞ்சள் கருவுக்கு எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும், பக்கத்து முட்டைகளும் கெடும். குச்சியில் ஈரப் பிசுக்கு தெரிந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குத்துப்பட்ட முட்டையையும் அதைச் சுற்றிய மணலையும் விலக்கிவிட்டால் மற்றவை தப்பும்.

குழி குடம் போன்றது: கழுத்து குறுகல், வயிறு அகலம். ஆழம் ஒன்றரை அடி. உள்ளே பெரும்பாலும் 100 முதல் 120 முட்டைகள். இதே வடிவத்தைப் பொரிப்பகத்தில் நாம் மறுபடி உண்டாக்க வேண்டும் என்பதால் எடுக்கும்போதே மேல் முட்டை எத்தனை அங்குலத்தில் இருந்தது, அடி எவ்வளவு, வயிறு எவ்வளவு அகலம் என்று துணி நாடாவால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இரும்பு நாடா உப்புக் காற்றில் ஒரே பருவத்தில் துருப்பிடித்துவிடும். பேனா ஈரத்தாளில் எழுதாது, பென்சில்தான் சரி. தோண்டுபவர் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கையில் கொசுவிரட்டிக் களிம்போ சானிடைசரோ இருக்கக் கூடாது. கொசு கடிக்கிறது என்று களிம்பு பூசிக்கொண்டு வருபவர்கள் நோட்டு எழுதும் வேலையைச் செய்யலாம்.

முட்டையை எடுப்பதில் விதி ஒன்றே ஒன்று: எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்க வேண்டும். தாயின் வயிற்றில் நின்றுபோயிருந்த கருவளர்ச்சி, முட்டை வெளியே வந்த சில மணி நேரத்தில் மறுபடி தொடங்குகிறது. கரு மேலே ஏறி ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு முட்டையை உருட்டினால் அந்த ஒட்டு பிய்ந்து கரு செத்துவிடும். வெளியில் எதுவும் தெரியாது. 50 நாள் காத்திருந்து தோண்டிப் பார்க்கும்போதுதான் வெள்ளை வெளேரென்று வளராத முட்டைகளாகக் கிடக்கும். அதனால்தான் இட்ட சில மணி நேரத்துக்குள், அதாவது அந்த இரவுக்குள்ளேயே, பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிறோம். இரவு இரண்டு மணிக்கு இட்ட முட்டையை மறுநாள் மதியம் யாரோ தகவல் சொல்லித் தோண்டி எடுப்பதைவிட, அந்தக் குழியை அங்கேயே வலை போட்டுக் காப்பது நல்லது. வார நாள் ரோந்து விடுபட்டால் நாம் இழப்பது இந்தச் சில மணி நேரத்தைத்தான்.

துணிப்பையின் அடியில் அதே குழியின் ஈர மணலை இரண்டு கைப்பிடி போட்டு, ஒவ்வொன்றாக எண்ணி அடுக்க வேண்டும். வாளி பரவாயில்லை. வாய் கட்டிய பிளாஸ்டிக் பை ஆகாது. கையை வீசி நடக்காமல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வர வேண்டும். பைக்கின் பின்னிருக்கையில் வைத்து வேகத்தடைகளின் மேல் குலுக்கிக்கொண்டு போகக் கூடாது. எடுத்த எண்ணிக்கையும் புதைத்த எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் பையில், குழியில், வழியில் தேட வேண்டும். எடுத்து முடித்ததும் குழியை மூடி, தடத்தைக் காலால் கலைத்துவிட வேண்டும். அடுத்து வரும் குழு அதையே இன்னொரு முறை கணக்கில் சேர்த்துவிடாமல் இருக்க இது ஒன்றே வழி. முட்டை திருடுபவர்களுக்கும் தடயம் கிடைக்காது.

பொரிப்பகம் பற்றிச் சுருக்கமாக. ஓதம் எட்டாத மேட்டில், சென்ற ஆண்டு இருந்த இடத்தைவிட்டு வேறிடத்தில் அமைய வேண்டும். இடம் இல்லையென்றால் மணலையாவது இரண்டடி ஆழத்துக்கு மாற்ற வேண்டும். பழைய மணலில் அழுகிய முட்டைகளின் பூஞ்சையும் கிருமிகளும் தங்கியிருக்கும். கரை மணலில் படரும் அடப்பங்கொடியின் வேர்களைச் சலித்து எடுக்காவிட்டால் அவை முட்டைக்குள் புகுந்துவிடும். குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். இடம் நெருக்கடி என்று அதைப் பாதியாக்கினால் பக்கத்துக் குழியின் சூடும் காற்றோட்டக் குறைவும் சேர்ந்து இரண்டையும் கெடுக்கும். தோண்டும்போது காய்ந்த மேல்மணல் சரிந்து குழிக்குள் விழாமல் முதலில் அதை ஒதுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு குழிக்கும் எண், தேதி, எடுத்த இடம், முட்டை எண்ணிக்கை எழுதிய பலகை.

வெப்பத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். குழிக்குள் ஏறக்குறைய 29, 30 டிகிரி செல்சியசுக்கு மேலே போனால் குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகவும், கீழே இருந்தால் ஆணாகவும் ஆகின்றன. அடைக்காலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில்தான் இது தீர்மானமாகிறது. 34, 35 டிகிரியில் நீடித்தால் கருவே சாகும். மார்ச் கடைசியில் சேகரித்த முட்டைகளுக்கு ஏப்ரல், மே வெயிலில் இந்த ஆபத்து உண்டு. தென்னங்கீற்றுக் கூரையோ நிழல் வலையோ போட்டு, ஒன்றரை அடி ஆழத்தில் வெப்பமானி வைத்து, காலை மாலை எழுதி வைக்கும் ஆள் வேண்டும். இரவில் நடக்க முடியாத முதியவர்களும் ஓய்வுபெற்றவர்களும் இந்த வேலைக்கு வந்தால் பெரிய உதவி.

45ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு குழியின் மேலும் மூங்கில் கூடையோ வலை வளையமோ கவிழ்த்து, விளிம்பை நான்கு விரல் ஆழம் மணலில் புதைக்க வேண்டும். குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் கூட்டமாக மேலே வரும். அரை மணிக்கு ஒருமுறை பார்க்காவிட்டால் அவை கூடைச் சுவரில் மோதிக்கொண்டே களைத்துவிடும். விடிந்து வெயில் ஏறும்வரை யாரும் வரவில்லையென்றால் சாகும். வெளியே வந்த முதல் சில மணி நேரம் குஞ்சிடம் இருக்கும் வேகம், அலையைத் தாண்டி ஆழ்கடலுக்கு நீந்திப் போவதற்காக இயற்கை கொடுத்தது. அந்தத் தெம்பைப் பக்கெட்டுக்குள் சுற்றிச் சுற்றியே செலவழிக்க வைத்துவிட்டு, சிறப்பு விருந்தினர் வந்ததும் கடலில் விட்டால் அவை கரையோர மீன்களுக்கு இரையாகும். விடுவதற்கான நேரத்தைக் குஞ்சு தீர்மானிக்க வேண்டும், விழா அழைப்பிதழ் தீர்மானிக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருங்கள் என்று பொரிப்பகம் நடத்தும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறோம்.

விடும்போது அலை ஏறும் கோட்டுக்குச் சில மீட்டர் மேலே, மணலில் விட வேண்டும். தண்ணீரில் போடக் கூடாது. பார்ப்பவர்கள் குஞ்சுகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அதற்கு முன்பே அந்தப் பாதையில் உள்ள காலடிப் பள்ளங்களைக் கையால் நிரவிவிட வேண்டும். நம் குதிகால் பள்ளமே அந்த ஒன்றரை அங்குலக் குஞ்சுக்கு ஏறமுடியாத கிணறு. நாள்தோறும் ஒரே இடத்தில் விடாமல் இடம் மாற்றி விட வேண்டும். இல்லாவிட்டால் மீன்கள் அங்கேயே காத்திருக்கப் பழகும். பொரித்து முடிந்த குழியை இரண்டு, மூன்று நாள் கழித்துத் தோண்டி, வெற்று ஓடுகள், வளராத முட்டைகள், பாதி வளர்ந்து செத்தவை என்று பிரித்து எண்ண வேண்டும். துர்நாற்றம் பிடித்த வேலை. ஆனால் எந்தக் கட்டத்தில் தவறினோம் என்று காட்டுவது இந்த எண்ணிக்கைதான். வளராத முட்டை பாதிக்குமேல் இருந்தால் தூக்கி வந்ததில் பிசகு இருக்கலாம். கடைசிக் கட்டத்தில் செத்தவை அதிகமென்றால் சூட்டையோ ஈரத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

இதுவரை எழுதியது முட்டையைப் பற்றி. ரோந்தின் மற்றொரு பாதியை யாரும் படமெடுப்பதில்லை. அது செத்து ஒதுங்கும் ஆமைகளைக் கணக்கெடுப்பது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஒதுங்கிய ஆமைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாக நாளிதழ்கள் எழுதின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தாமாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் தமிழகப் பொரிப்பகங்களிலிருந்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலுக்குப் போயின. ஆயிரம் குஞ்சுக்கு ஒன்று பெரிதாகும் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த 2 லட்சத்திலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து நமக்குக் கிடைக்கப்போவது இருநூறு தாய் தந்தை ஆமைகள். ஒரே மாதத்தில் ஆயிரம் வளர்ந்த ஆமைகளை இழந்தால் அதைப் பொரிப்பகத்தால் ஈடுகட்ட முடியாது. ஆகவே செத்த ஆமையின் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து நிமிடம் உட்காரும் தன்னார்வலரின் வேலை, முட்டை எடுப்பவரின் வேலையைவிட ஒரு படி மேல் என்றே நாங்கள் கருதுகிறோம்.

அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை இவை. ஜிபிஎஸ் புள்ளி, தேதி, நேரம். ஓட்டின் வளைவு நீளத்தைக் கழுத்துப் பக்க விளிம்பிலிருந்து வால் பக்க விளிம்பு வரை துணி நாடாவால் அளக்க வேண்டும். வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆண், அரும்பாகத் தெரிந்தால் பெண். கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தால் வலையில் சிக்கி மூச்சு முட்டியதற்கான அறிகுறி. ஓடு பிளந்திருந்தால் படகின் விசிறி வெட்டியதா என்று வெட்டுகளின் இடைவெளியைப் படமெடுக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். துடுப்பில் வலைக்கயிறு சுற்றியிருந்தால் அதன் ஒரு துண்டை வெட்டி உறையில் போட்டு எண் எழுத வேண்டும். புதிதாக இறந்ததென்றால் வனத்துறைக்குச் சொல்லி, கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்ய வழி செய்ய வேண்டும். கடைசியாக, ஓட்டின் மேல் பெயின்டால் ஒரு கோடு. இதை மட்டும் மறக்கவே கூடாது. கோடு போடாத உடல் இன்று திருவான்மியூரில் ஒதுங்கி, இரவு ஓதத்தில் இழுபட்டு, நாளை வேறொரு குப்பத்தில் ஒதுங்கும். இரண்டு குழுவும் எண்ணும். இப்படிப்பட்ட இரட்டைக் கணக்கு ஒன்று பிடிபட்டால் போதும், மொத்தக் கணக்கும் பொய் என்று விசைப்படகு உரிமையாளர்கள் வாதிடுவார்கள். அதற்கு நாமே இடம் கொடுக்கலாகாது. பதிவு முடிந்ததும் ஓதக் கோட்டுக்கு மேலே மூன்றடிக்குக் குறையாத ஆழத்தில் புதைக்க வேண்டும். மேலோட்டமாகப் புதைத்தால் நாய்கள் தோண்டும். தோண்டிப் பழகிய நாய் அடுத்து முட்டைக் குழிக்கு வரும்.

ஆமைகள் ஏன் சாகின்றன என்பதில் மர்மம் ஏதுமில்லை. அவை நுரையீரலால் மூச்சு விடுபவை. விசைப்படகுகள் இழுத்துப் போகும் பை போன்ற வலையான இழுவை மடியில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் சாகின்றன. 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. இனச்சேர்க்கைக்கும் முட்டையிடவும் ஆமைகள் கூடுவதும் அந்தக் கரையோர நீரில்தான். ஆண்டுதோறும் வரும் 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைப் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மடிக்குள் சாய்வாகக் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் இறாலும் மீனும் கம்பிகளுக்கிடையே நுழைந்துபோகும், ஆமை சட்டத்தில் வழுகி மேலேயுள்ள திறப்பின் வழியே வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே இதை வடிவமைத்திருக்கிறது. இது பொருத்தப்படாததால் 2019 முதல் இந்தியாவின் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. நட்டம் மீனவருக்கும் சேர்த்துத்தான்.

இதில் கரையில் நிற்பவர் என்ன செய்ய முடியும்? நிறையவே செய்யலாம். மணலில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்குத் தொடுவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் இருக்கிறது. விடியற்காலை வெளிச்சத்தில் ஒரு விசைப்படகின் அடிப்பக்கம் தண்ணீரைத் தொடுவது வரை முழுதாகத் தெரிந்தால் அது 3 கடல் மைலுக்கு உள்ளே நிற்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். இரவில் விளக்கு மட்டும் தெரிந்தால் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். எவ்வளவு பழகியவரும் தவறுவார். அதற்குப் பதிலாக, 3 கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு குழுக்கள் ஒரே நிமிடத்தில் அதே விளக்கின் திசைக் கோணத்தைத் திசைகாட்டியால் எடுத்து எழுத வேண்டும். வரைபடத்தில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் படகு. கையில் எடுக்கும் கோணத்தில் இரண்டு டிகிரி பிசகு சகஜம். 2 கடல் மைலில் நிற்கும் படகுக்கு இதனால் அரை கிலோமீட்டருக்குள்தான் வித்தியாசம் வரும். 5 கடல் மைல் எல்லைக்கோட்டருகே நிற்கும் படகுக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குமேல் போகும். ஆகவே நன்றாக உள்ளே நிற்கும் படகுகளை மட்டும் புகாரில் எழுதுங்கள். எல்லையை ஒட்டிய படகுகளை எழுதினால் மற்ற புகார்களும் எடுபடாமல் போகும். படகு மடி இழுக்கிறதா, சும்மா கடந்து போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இழுக்கும் படகு மெதுவாக, ஒரே திசையில், பின்னால் கயிறுகள் விறைத்து நிற்கப் போகும். பத்து நிமிட இடைவெளியில் மறுபடி கோணம் எடுத்தால் வேகமும் தெரிந்துவிடும். மீன்வளத் துறைக்கும் கடலோரக் காவல் குழுமத்துக்கும் இந்தக் குறிப்பை அன்றே அனுப்ப வேண்டும். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் அதற்குப் பயனில்லை.

வலையில் வந்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் தள்ள வேண்டாம் என்று படகுக்காரர்களிடமும் சொல்லி வருகிறோம். மயங்கிய ஆமையும் அப்படித்தான் கிடக்கும். குப்புற வைத்து, பின்பக்கத்தை அரையடி உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்தி வைத்தால் நுரையீரலில் புகுந்த நீர் வடியும். மூக்குத் துளையை மூடிவிடக் கூடாது. கண்ணோரத்தை மெதுவாகத் தொட்டால் இமை அசைகிறதா என்று அவ்வப்போது பார்க்கலாம். தெளிய நான்கு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். தெளிந்து தானாக நகரத் தொடங்கிய பின், எஞ்சினை நிறுத்தி மெதுவாக இறக்கிவிட வேண்டும்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். குஞ்சு தாழ்வான, வெளிச்சமான தொடுவானத்தை நோக்கிப் போகும். இயல்பாக அது கடல். நம் கரையில் அது உணவக முகப்பும் உயர்கோபுர விளக்கும். வெள்ளை எல்இடி விளக்குகள் வந்தபின் நிலைமை மோசமாகியிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் இருக்கும் நீலம் ஆமைகளை அதிகம் இழுக்கிறது. மாநகராட்சிக்கு எங்கள் கோரிக்கை: கடலைப் பார்த்து எரியும் விளக்குகளைப் பிப்ரவரி முதல் மே முடியும் வரை இரவு 11 முதல் காலை 5 வரை அணைத்து வையுங்கள். அணைக்க முடியாத இடங்களில் விளக்கு கடலைப் பார்க்காதபடி தகரத் தடுப்பு போட்டு, வெளிச்சத்தைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். தனியார் வீடுகளைப் பொறுத்தவரை, இரவில் போய்க் காவலாளியிடம் சத்தம் போடுவதில் பலனில்லை. எந்த வீட்டின் எந்த விளக்கு என்று இரவில் குறித்துக்கொண்டு, பகலில் போய் உரிமையாளரிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலோர் கேட்கிறார்கள்.

வர விரும்புபவர்களுக்கு: வாரத்தில் ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து, ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அந்த இரவு உங்களுடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள். அடர்நிற உடை, கழன்று போகாத செருப்பு, ஒரு லிட்டர் தண்ணீர், முதலுதவிப் பை. உடைந்த பாட்டில் துண்டுகள் எங்கும் கிடக்கும், வெறுங்காலோடு நடக்க வேண்டாம். அன்றைய குழுவின் பெயர்ப்பட்டியல் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும். முட்டை திருடுபவரைக் கண்டால் நெருங்கிப் பிடிக்கப் போகாதீர்கள். இடம், நேரம், வண்டி எண் குறித்துக்கொண்டு வனத்துறையை அழையுங்கள்.

பருவம் தொடங்கும் முன் ஊரூர் குப்பம், ஓடைக்குப்பம், கொட்டிவாக்கம், பாலவாக்கம் என்று நடக்கப்போகும் எல்லா மீனவ ஊர்களிலும் நிர்வாகிகளைப் பார்த்து, யார் யார், எந்த இரவு வருகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். கரை அவர்களுடையது. காய்கிற வலையை மிதிக்காமல், படகுக் கயிற்றைத் தாண்டாமல் சுற்றிப் போக வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்பும் ஒருவர் 'அந்தப் பக்கம் ஆமை ஏறியிருக்கு' என்று சொல்வது, நம் குழு 7 கிலோமீட்டர் நடந்து கண்டுபிடிப்பதற்குச் சமம்.

கடலூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம் மாவட்டக் கரைகளிலும் இதே வேலை நடக்கிறது. அங்கே இருப்பவர்கள் தங்கள் வனச்சரக அலுவலகத்தில் டிசம்பர் மாதத்துக்குள் பெயர் கொடுத்தால், முதல் ஆமை ஏறும் முன் ஓரிரு பயிற்சி நடையாவது கிடைக்கும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். குஞ்சுகளை உள்ளங்கையில் வைத்துப் பிடித்திருக்கும் படத்தையும், இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தையும் வெளியிட வேண்டாம். பார்ப்பவர்கள் அதையே செய்ய வருகிறார்கள். விடப்பட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையை அச்சிடும் அதே செய்தியில், அந்த வாரம் செத்து ஒதுங்கிய ஆமைகளின் எண்ணிக்கையையும் வனத்துறையிடம் கேட்டுச் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஆமை ரோந்துத் தன்னார்வலர்கள் சிலர்,
திருவான்மியூர், சென்னை.